கொடியில் எது காய்கிறது?

சென்ற இதழில் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு விளக்கம் கேட்டு நாலைந்து கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்திருந்தால், வந்தவற்றில் பெரும்பாலானவை கஞ்சியை விட்டுவிட்டு, ‘எனக்கென்று ஓர் உடைப் பாணியை எப்படி அமைத்துக்கொள்வது?’ என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு வயதில் நின்று கேட்கின்றன. அவற்றுள் வடசென்னையிலிருந்து வந்தவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். நானும் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி என்பதால் இது ஓரவஞ்சனை என்று மற்றப் பகுதி வாசகர்கள் கோபித்துக்கொள்ளலாம். கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 26. கிண்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பீரோ நிறையத் துணி இருந்தும், தினமும் காலையில் போட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. அலுவலகத் தோழிகளைப் பார்த்து வாங்கியவை, இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கியவை, அம்மா எடுத்துக் கொடுத்தவை எல்லாம் கலந்து கிடக்கின்றன. எனக்கான ஸ்டைல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பீரோவிடம் கேட்டால் உண்மை வராது. எதற்கெல்லாம் பணம் கொடுத்தீர்கள் என்ற கணக்குத்தான் அங்கே இருக்கிறது. எதை உடுத்தினீர்கள் என்ற கணக்கு மொட்டை மாடிக் கொடியில் இருக்கிறது. அடுத்து வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், துவைத்த துணியை உலர்த்தும்போது கொடியில் தொங்குபவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். திரும்பத் திரும்ப வருபவை ஏழெட்டுக்கு மேல் இருக்காது. அவசரமாகக் கிளம்பும் காலையில், யாருடைய யோசனையும் இல்லாமல், உங்கள் கை தானாகப் போய் எடுத்தவை அவை. உங்கள் பாணி ஏற்கெனவே அங்கே காய்ந்துகொண்டிருக்கிறது. அதை இனிமேல்தான் படிக்க வேண்டும்.

படிக்கும்போது நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். நிறம்தான் முதலில் கண்ணில் படும், ஆனால் ஓர் உடையை நாம் மறுபடி எடுப்பதற்குப் பெரும்பாலும் நிறம் காரணமாக இருப்பதில்லை. கை எங்கே முடிகிறது, கழுத்து எவ்வளவு இறங்குகிறது, நீளம் முழங்காலுக்கு மேலா கீழா, பை இருக்கிறதா, துப்பட்டா இல்லாமல் போட முடிகிறதா, இஸ்திரி போடாமல் உடுத்த முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் இப்படி ஒருமுறை எழுதிப் பார்த்தபோது, என் கொடியில் காய்ந்த ரவிக்கைகளுக்கும் குர்த்திகளுக்கும் இடையே ஒரே ஒரு பொருத்தம்தான் தெரிந்தது. எல்லாவற்றிலும் கை முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே முடிந்திருந்தது. பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போது அந்தக் கை மேலே ஏறாது, சமையலறையில் குழம்பில் தோயாது, எழுதும்போது மேசையில் தேயாது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளாக நான் முழுக்கையும் கையில்லாததுமாக வாங்கிக் குவித்திருந்தேன், அவை என் அத்தை மகளுக்கு நன்றாக இருந்தன என்ற ஒரே காரணத்துக்காக.

அடுத்து, உங்கள் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்து நிலையம் வரை வெயிலில் நடை, பிறகு மெட்ரோவின் குளிர், கிண்டியில் இறங்கியதும் மறுபடி வெயில், அதன்பின் எட்டு மணி நேரம் அலுவலகக் குளிர். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில்தான். அதற்கு முன் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் போன பெண்களுக்குத் துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் இருப்பதே முதல் கவலையாக இருந்தது. வழி மாறியதால் உடையின் வேலையும் மாறிவிட்டது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பருத்தி தன் எடையில் ஏறக்குறைய எட்டு சதவீத ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டரால் அரை சதவீதம்கூட முடியாது. ஆகவே வெயில் நடைக்குப் பருத்திதான் சுகம். ஆனால் அதே பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு மெட்ரோவின் குளிர்ந்த பெட்டிக்குள் நுழைந்ததும் முதுகில் சில்லென்று ஒட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கனத்த பருத்தியைத் தவிர்த்து, மல்மல் போன்ற மெல்லிய நெசவில் குர்த்தியும், அதற்கு மேல் கழற்றிப் பையில் வைக்கக்கூடிய ஒரு முன்திறப்புச் சட்டையும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பருவத்தையும் ஒரே நாளில் சமாளிக்கலாம். எம்.சி. ரோட்டில் வரிசையாகத் தொங்கும் குர்த்திகளில் பல ரேயான். போட்டால் வழவழவென்று நன்றாகவே இருக்கும். ஆனால் நனைந்த ரேயானுக்குப் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பதால், அதை முறுக்கிப் பிழியாமல் அப்படியே கொடியில் போட வேண்டும்.

இதற்குப் பிறகுதான் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. கொடியில் அதிகமுறை வந்த குர்த்தியை எடுத்துக்கொண்டு உங்கள் தெருத் தையற்காரரிடம் போய், இதையே அளவாக வைத்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை மீட்டர் போதும். கோடவுன் தெருவிலோ எம்.சி. ரோட்டிலோ வெட்டித் தருவார்கள். தைக்கக் கொடுக்கும்போது ஒரே ஒரு மாற்றம் மட்டும் சொல்லுங்கள். வலப்பக்கம் கைப்பேசி வைக்க ஒரு பை, அல்லது இரண்டு விரல் கூடுதல் நீளம், அல்லது இதுவரை நீங்கள் போடாத ஒரு நிறம். மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால், பிடிக்காமல் போகும்போது எது பிடிக்கவில்லை என்று தெரியாது. அதுவும் கொடிக்கு வந்தால் அடுத்த மாற்றத்துக்குப் போகலாம். வராமல் பீரோவிலேயே இருந்தால், இழப்பு இரண்டரை மீட்டர்தான்.

அம்மா எடுத்துக் கொடுத்தவை தனி வழக்கு. அவற்றைக் கழித்துக் கட்டாதீர்கள். பட்டுப் பாவாடைத் துணியில் முன்திறப்புச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு அலுவலகம் போகும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். துணி அம்மாவுடையது, வெட்டு உங்களுடையது.

கேள்வி: பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் சீருடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விசேஷங்களுக்கு வேட்டி கட்டுவேன். மற்ற நாள்களில் என்ன உடுத்துவது என்றே விளங்கவில்லை. மகள் வாங்கிக் கொடுக்கும் டி-சர்ட்டில் நெஞ்சில் ஏதேதோ எழுதியிருக்கிறது. கைலியோடு கடைக்குப் போனால் மகன் முகம் சுளிக்கிறான். இந்த வயதில் பாணி என்று யோசிப்பதே சிரிப்பாக இருக்கிறதா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை, ஐயா. 34 ஆண்டுகள் காலையில் என்ன உடுத்துவது என்று யோசிக்கத் தேவையில்லாமல் இருந்தவருக்கு, அந்தக் கேள்வி 60 வயதில் முதன்முறையாக வருகிறது. 20 வயதில் வந்திருந்தால் அதை யாரும் வேடிக்கையாக நினைத்திருக்க மாட்டார்கள்.

சீருடை உங்களுக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை என்று நினைக்காதீர்கள். இரும்போடு வேலை செய்யும் இடத்துச் சட்டை கெட்டித் துணியில் இருக்கும், பேனாவும் அடையாள அட்டையும் வைக்கப் பை இருக்கும், காலர் நிமிர்ந்து நிற்கும். உடம்பு அதற்குப் பழகியிருப்பதால்தான் தொளதொளவென்று காலரில்லாத பனியன் துணி உங்களுக்குப் பாதி உடுத்தியது போல இருக்கிறது. நம் பகுதிக்குக் கெட்டித் துணி புதிதல்ல. காக்கித் துணிக்குப் பேர்போன பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, நாம் பின்னி மில் என்று சொல்வது, 1996 வரை பெரம்பூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காக்கி என்ற சொல்லின் வேர் தூசியைக் குறிக்கும் பாரசீகச் சொல். தூசி நிறத்தில் துணி நெய்துவிட்டால் தூசி தெரியாது என்ற கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது.

ஆகவே சீருடையின் வெட்டை வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் யோசனை. 58 அங்குல அகலத் துணியில் 1.60 மீட்டர் எடுத்தால் ஒரு சட்டை வரும். அரைக்கை, நிமிர்ந்த காலர், வெளியே விட்டுப் போடுவதற்கென்று நேராக வெட்டிய அடிப்பாகம், பக்கவாட்டில் இரண்டு அங்குலப் பிளவு, நெஞ்சில் ஒரு பை, கீழே இரண்டு பை என்று தையற்காரரிடம் சொல்லுங்கள். முதலில் இரண்டே சட்டை போதும். ஒன்று சாம்பல் கலந்த நீலம், மற்றொன்று நீங்கள் இத்தனை ஆண்டு போட முடியாமல் இருந்த நிறம் எதுவோ அது. கடிதத்தில் அதைச் சொல்லவில்லை, ஆனால் கட்டாயம் ஒன்று இருக்கும். பேண்ட்டோடும் வேட்டியோடும் ஒரே சட்டை பொருந்தும் என்பதால் அலமாரியும் நிறையாது.

துணி நன்றாக அமைந்துவிட்டால் அதைக் காப்பாற்றவும் வழி உண்டு. என் அப்பாவின் சட்டைகளுக்கு முதலில் மூப்பு வருவது காலரில்தான். கழுத்து மடிப்பில் துணி நைந்து, உள்ளிருக்கும் வெள்ளைக் கஞ்சித்துணி எட்டிப்பார்க்கும். எங்கள் தெருவில் இருந்த தையற்காரர் பிளேடு முனையால் தையலை ஒவ்வொரு கண்ணியாக அறுத்து, காலரைப் பட்டியிலிருந்து கழற்றி, அடிப்பக்கம் மேலே வருமாறு திருப்பி வைத்து, பழைய ஊசித் துளைகளின் வழியாகவே மறுபடி தைத்துவிடுவார். நைந்த பகுதி மடிப்புக்கு அடியில் போய்விடும். சட்டைக்கு இன்னும் மூன்று ஆண்டு ஆயுள். காலர் திருப்பித் தரத் தெரிந்த தையற்காரர்கள் குறைந்துவிட்டார்கள், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் துணிகளைத் தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் பெலிக்காட் என்றுதான் பெயர். அது பழவேற்காட்டின் பெயர். வேட்டிக்கோ 2014இல் சட்டமே வந்துவிட்டது. வேட்டி கட்டிய நீதிபதி ஒருவர் சென்னையில் ஒரு கிளப்பில் அனுமதிக்கப்படாமல் போன பிறகு, அப்படித் தடை விதிக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். இவ்வளவும் சொல்லியும் தம்பி முகம் சுளித்தால், கடைக்கு அவரையே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு. மஞ்சள், ஆரஞ்சு, ராமர் பச்சை எல்லாம் எனக்கு எடுக்காது என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வெளிர் ரோஸும் சந்தனமுமாக எடுத்துத் தருகிறார்கள். எனக்குப் பொருந்தும் நிறங்கள் எவை?
– கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் வீட்டார் சொல்வது தலைகீழ். கறுத்த மேனியில் அடர்ந்த மஞ்சளும் அரக்கும் மயில் நீலமும் எடுப்பாக நிற்கும். தோலின் ஆழமும் துணியின் ஆழமும் ஒன்றையொன்று தாங்கும். வெளுத்த சந்தன நிறம்தான் பல நேரம் முகத்தைச் சோர்வாகக் காட்டும். ஆனால் நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். கடையில் இரண்டு துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் மோவாய்க்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். துணியைப் பார்க்காமல் கண்ணுக்குக் கீழுள்ள இடத்தைப் பாருங்கள். கருவளையம் தெரிந்தால் வேண்டாம். ஒரே சாயம் கடை விளக்கில் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் தெரிவது உண்டு என்பதால், உள்ளே நின்று முடிவெடுப்பது பாதி முடிவுதான். வாசலுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று சொல்லும் கடையில் நான் துணி வாங்குவதில்லை.

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன், அக்கா. பி.காம். இறுதியாண்டு. தொளதொளவென்ற பெரிய சட்டை, பளிச்சென்ற கட்டம், கால்பந்து ஜெர்ஸி, இதுதான் என் உடை. வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் தொடங்கப் போகின்றன. எங்கள் பகுதியின் பெயரைச் சொன்னாலே மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்க்கிறார்கள். நான் ஆளையே மாற்றிக்கொள்ள வேண்டுமா? என்னிடம் 1,500 ரூபாய்தான் இருக்கிறது.
– ஒரு மாணவர்

பதில்: தம்பி, அந்தப் பார்வையின் குற்றம் பார்ப்பவருடையது. அதை முதலில் பதிவு செய்துவிட்டுத் துணிக்கு வருகிறேன், ஏனென்றால் துணியால் அதைத் தீர்த்துவிடலாம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். துணியால் செய்யக்கூடியது, அந்த அரைமணி நேரம் உங்கள் கவனம் உங்கள் சட்டை மேல் போகாமல் பதில்களின் மேல் இருக்கும்படி செய்வதுதான்.

ரெடிமேட் சட்டையாகவே வாங்குங்கள்; ஆனால் தோளைப் பார்த்து வாங்குங்கள். தோள்தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் சரியாக உட்கார வேண்டும். வயிற்றில் தொளதொளவென்று இருந்தால் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துவிடலாம், கை நீளமாக இருந்தால் குறைத்துவிடலாம், ஆனால் தோள் இறங்கிய சட்டையைச் சரிசெய்வது புதுச் சட்டை தைப்பதற்குச் சமம். காலர் பட்டனைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். பேண்ட்டும் அப்படித்தான், தொடையும் இருக்கையும் பொருந்தியதை எடுத்துக்கொண்டு, இடுப்பில் ஓர் அங்குலமும் கீழே மடிப்பும் ஆல்டர் செய்பவரிடம் விட்டுவிடுங்கள். கையில் இருக்கும் 1,500இல் ஒரு பங்கை ஆல்டர் கூலிக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். விலை குறைந்த சட்டை உடம்புக்கு அளவாக இருந்தால், விலை உயர்ந்த தொளதொளச் சட்டையைவிட மரியாதையாகத் தெரியும். வெளிர் நீலம் அல்லது வெள்ளை, கோடில்லாமல். ஷூ வாங்கக் காசு மிஞ்சாது. அண்ணனிடமோ நண்பனிடமோ கேளுங்கள், பாலிஷை மட்டும் நீங்களே போடுங்கள். முந்தின நாள் இரவே தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்து வாங்கிவிடுங்கள், காலையில் கரி பற்றிக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆளை மாற்ற வேண்டுமா என்று கேட்டீர்கள். நேர்முகத் தேர்வுச் சட்டை ஒரு கருவி, அவ்வளவே. உங்கள் ஜெர்ஸி மைதானத்துக்கு ஏற்ற உடை. பாலியெஸ்டர் வியர்வையைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது, துவைத்தால் சீக்கிரம் உலரும். பளிச்சென்ற கட்டத்துக்கோ இந்த ஊரின் பெயரே உண்டு. மெட்ராஸ் என்று சொன்னாலே அமெரிக்காவில் கட்டம்போட்ட பருத்தித் துணி என்று பொருள். 1960களில் அங்கே, துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி ஒரு கட்டம் மற்றொன்றில் கலந்துபோகும் மெட்ராஸ் சட்டைகளைப் பணக்கார வீட்டுக் கல்லூரிப் பையன்கள் பெருமையாகப் போட்டுத் திரிந்தார்கள். சாயம் போவதைக் குறையாகச் சொல்லாமல், அதுவே இந்தத் துணியின் அழகு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். நம் வீட்டில் அப்படி ஒரு சட்டை சாயம் போனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்போம்.

வேலை கிடைத்து ஒரு மாதம் கழிந்ததும், உங்கள் அலுவலகத்தில் என்ன செல்லுபடியாகும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்போது கட்டத்தை மறுபடி கொண்டுவாருங்கள். முதலில் சின்னக் கட்டம், இரண்டே நிறம், தோளில் அளவாக. ஆறு மாதத்தில் கட்டம் தானாகப் பெரிதாகிவிடும்.

கேள்வி: திருவொற்றியூரில் ஆசிரியை. இரண்டாவது பிள்ளை பிறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ரவிக்கைகள் எதுவும் சேரவில்லை. பழைய உடம்பு திரும்பட்டும் என்று புதிதாகத் தைக்காமல் இருக்கிறேன். சேரும் மூன்று ரவிக்கைகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஒத்துவரும் புடவைகளையே கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன்.
– ஒரு வாசகி

பதில்: வராத விருந்தாளிக்காக இலை போட்டுவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த வாரமே அந்த இலையை எடுத்துவிடலாம்.

முதலில் பழைய ரவிக்கைகளை உள்புறம் திருப்பிப் பாருங்கள். நல்ல தையற்காரராக இருந்தால் பக்கவாட்டுத் தையலுக்கு அப்பால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமாவது துணி விட்டிருப்பார். வரிசையாக இரண்டு மூன்று தையல் ஓடியிருந்தால் அது உங்களுக்காகத்தான். ஒரு தையலைப் பிரித்தாலே மார்புச் சுற்றில் கணிசமாக இடம் கிடைக்கும். ஆனால் கை தூக்கும்போது பிடித்தால் குறை கைக்குழியில் இருக்கிறது, பக்கத்தைப் பிரிப்பதால் மட்டும் அது சரியாகாது. கரும்பலகையில் எழுதும் உங்களுக்கு அது முக்கியம். அப்படிப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டு, கறுப்பு, அரக்கு, வெளிர் தங்கம் ஆகிய மூன்று நிறங்களில் டூ பை டூ ரூபியா என்ற ரவிக்கைத் துணியில் புதிதாகத் தையுங்கள். துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திய பிறகு தைக்கக் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் புடவைகளில் முக்கால்வாசி அந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மிக முக்கியமாக, அளவு ரவிக்கையை மாற்றுங்கள். கல்யாணத்துக்கு முன் தைத்த ஒன்றையே தையற்காரரிடம் ஆண்டுதோறும் அளவுக்குக் கொடுத்துவிட்டு, தைத்து வந்தது சேரவில்லை என்று வருந்துபவர்கள் நம்மில் பலர். நானும் அந்தக் கூட்டத்தில் நெடுநாள் இருந்தேன். இன்று நிற்கும் உடம்பில் நாடா வைத்து அளக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, உங்கள் ஊரில் கடற்காற்று சும்மா இருக்காது. மட்டமான கொக்கி ஆறு மாதத்தில் துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். துருப்பிடிக்காத கொக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது பட்டனுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: என் அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறார். எப்போதும் பூப்போட்ட சிந்தெடிக் புடவைதான். என் முதல் சம்பளத்தில் நல்ல சுங்குடிப் புடவை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். நான்கு மாதமாக அதைத் தொடவே இல்லை. இந்த வெக்கையில் பருத்திதானே உடம்புக்கு நல்லது? அம்மாவின் ரசனையை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: மாற்றாதீர்கள். இந்த மாதம் எழுதியவர்களில் தனக்கு வேண்டிய உடை எது என்று முழுத் தெளிவோடு இருப்பவர் உங்கள் அம்மாதான், அவரோ எனக்கு எழுதவே இல்லை.

அவருடைய நாளை அருகில் நின்று பாருங்கள். விடியுமுன்னே ஏலத்துக்குப் போகிறார், தோளிலும் இடுப்பிலும் ஐஸ் தண்ணீர் வழிகிறது, செதிள் ஒட்டுகிறது. பருத்திப் புடவை அந்தத் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுக் கனத்து, நாள் முழுவதும் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். சிந்தெடிக் நீரை உள்ளே வாங்காது. உதறினால் போகும், மதியம் வீட்டுக்கு வந்து அலசிப் போட்டால் மாலைக்குள் உலர்ந்துவிடும், கஞ்சியும் வேண்டாம் இஸ்திரியும் வேண்டாம். பூப்போட்டதற்கும் காரணம் உண்டு, கறை அதில் தெரியாது. வெறும் புடவையில் ஒரு துளி பட்டாலும் எல்லாருக்கும் தெரியும். என் அம்மா ஆயுளில் வெள்ளைப் புடவை எடுத்ததில்லை. எங்கள் மொட்டை மாடியில் அந்த நாளில் கரித்தூள் படியும், வெள்ளை எடுத்தால் ஒரே வாரத்தில் சாம்பலாகிவிடும். அவர் அரக்கும் கருநீலமுமாகவே எடுத்தார். அது அவருடைய ரசனை என்று நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பின்னாளில் வீடு மாறிய பிறகும் அவர் அரக்குதான் எடுத்தார், ஆக அது ரசனையாகவும் ஆகிவிட்டிருந்தது.

நீங்கள் சொல்லும் வெக்கையும் உண்மைதான். அதற்கு உள்பாவாடையையும் ரவிக்கையையும் பருத்தியில் மாற்றிக் கொடுங்கள். உடம்பில் ஒட்டுபவை அவைதான். அம்மாவுக்கு ஏதாவது எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அவர் அதிகம் கட்டும் புடவை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எம்.சி. ரோட்டுக்குப் போய், அதே கனம், அதே வழவழப்பு, அவர் இதுவரை எடுக்காத ஒரு பூ என்று பார்த்து வாங்குங்கள். சுங்குடியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று துவையலுக்குத் தனியாக அலசுங்கள், சாயம் இறங்கும்.